லிட்டர் கணக்கா, வெப்பக் கணக்கா: சென்னை ஹைட்ரோபோனிக்ஸ் அமைப்புக்கு எந்த அளவு சில்லர்?

மண்ணில்லாமல் ஊட்டக் கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் அமைப்புக்கு, அந்தக் கரைசலைக் குளிரூட்டும் எந்திரமான சில்லரை வாங்கப் போகிறவரிடம் கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி, "தொட்டி எத்தனை லிட்டர்?" என்பதுதான். விடையைச் சொன்னதும், அட்டைப்பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் பார்த்து, இத்தனை லிட்டருக்குக் கால் ஹெச்.பி., இத்தனை லிட்டருக்கு அரை ஹெச்.பி. என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் பெரும்பாலும் மீன்தொட்டிகளை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. வீட்டுக்குள் நிழலில் ஒரே இடத்தில் நிற்கும் தண்ணீருக்கு அது ஓரளவு பொருந்தும். மொட்டை மாடியில் வெயில் படும் குழாய்களுக்குள் மெல்லிய படலமாக ஓடித் திரும்பும் ஊட்டக் கரைசலுக்கு அது பொருந்தாது. சென்னையில் சில்லரின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது, கரைசலுக்குள் மணிக்கு எவ்வளவு வெப்பம் நுழைகிறது என்ற கணக்கு. தொட்டியின் கொள்ளளவு அந்தக் கணக்கில் பிறகுதான் வருகிறது.

மே மாதத்தில் சென்னையின் பகல்நேர உச்ச வெப்பம் சராசரியாக 37, 38 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. கத்திரி வெயில் நாட்களில் 40-ஐத் தாண்டுவதும் உண்டு. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. இரவிலும் 27, 28 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை என்பதால், பகலில் சூடான கரைசலுக்கு ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. மூடிப் பாதுகாக்காத தொட்டியில் பிற்பகல் 3 மணிக்குக் கரைசல் 34, 35 டிகிரியில் இருப்பது இங்கே சாதாரணம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் 8.3, 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 7 மில்லிகிராம் என்று அது குறைந்துகொண்டே போகும். அதே வேளையில் வேரின் சுவாசம் வேகம் பிடித்து, ஆக்சிஜன் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறும் இந்த இடத்தில்தான் பித்தியம் என்னும் வேரழுகல் நோய்க்கிருமி நுழைகிறது. அதன் சூடு விரும்பும் இனங்களுக்கு 30 டிகிரிக்கு மேற்பட்ட கரைசல் மிகவும் உகந்தது. நடுப்பகலில் துவண்டு மாலையில் நிமிரும் லெட்யூஸ் செடியைக் குழாயிலிருந்து எடுத்து, பழுப்பேறிய ஒரு வேரை இரண்டு விரல்களுக்கு இடையே பிடித்து இழுத்துப் பாருங்கள். மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்து, நடுவில் நூல் போன்ற இழை மட்டும் மிஞ்சினால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. அந்த நிலைக்கு வந்த பிறகு சில்லர் வாங்குவது அடுத்த பயிருக்குத்தான் உதவும்.

சில்லரின் அளவை ஹெச்.பி. என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் அது கம்ப்ரஸர் மோட்டாரைப் பற்றிய குறிப்பு, தண்ணீரிலிருந்து எவ்வளவு வெப்பம் வெளியேற்றப்படும் என்ற கணக்கு அதில் இல்லை. கால் ஹெச்.பி. என்ற ஒரே பெயரில் விற்கும் எந்திரங்களின் உண்மையான குளிரூட்டும் திறன் நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதும் வேறுபடுகிறது. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வாட் கணக்கு அல்லது மணிக்கு இத்தனை பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) என்ற கணக்கு. 1,000 வாட் என்பது மணிக்கு 3,412 பி.டி.யூ.; ஏ.சி. மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு டன் என்பது 3,517 வாட். இவற்றோடு இன்னும் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும். மணிக்கு ஒரு கிலோகலோரி என்பது 1.163 வாட்டுக்குச் சமம். கரைசலில் உப்புகள் கரைந்திருப்பதால் வரும் வேறுபாடு இந்தக் கணக்கில் பொருட்படுத்தத் தக்கதன்று.

எத்தனை டிகிரிக்குக் குளிரூட்ட வேண்டும்?

சில்லரின் அளவை முடிவு செய்யும் முன் இலக்கு வெப்பநிலையை முடிவு செய்ய வேண்டும். செலவு பெருகுவதும் குறைவதும் இங்கேதான். குளிர்நாட்டுக் கையேடுகள் லெட்யூஸுக்கு 18 முதல் 20 டிகிரி என்று சொல்லும். அந்த எண்ணை அப்படியே சென்னைக்குக் கொண்டுவருவதை நான் ஏற்கவில்லை. வெளிக்காற்று 37 டிகிரியாக இருக்கும்போது கரைசலை 19 டிகிரியில் வைத்தால் இடைவெளி 18 டிகிரி. 24-இல் வைத்தால் 13 டிகிரி. குழாய்ச் சுவர் வழியாக நுழையும் வெப்பம் இந்த இடைவெளிக்கு ஏற்பவே கூடுவதால், ஐந்து டிகிரிக்காக ஏறத்தாழ நாற்பது சதவீதம் கூடுதல் சுமையைச் சில்லர் தாங்க வேண்டியிருக்கிறது.

கடலோர ஈரப்பதம் இதைவிடப் பெரிய தடை. கோடையில் கடற்காற்று வீசத் தொடங்கியபின் சென்னைக் காற்றின் பனிநிலை 25, 26 டிகிரி வரை இருக்கும். அதாவது, அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பின்மீதும் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும். 24 டிகிரிக் கரைசல் ஓடும் குழாயில் லேசான ஈரக் கசிவோடு நிற்பது, 19 டிகிரிக் கரைசல் ஓடினால் சொட்டுச் சொட்டாக ஒழுகும். பார்க்கச் சிறிய தொல்லையாகத் தெரியும் இந்த ஒழுகல், கணக்கில் மிகப் பெரியது. குழாய்மேல் படியும் ஒவ்வொரு லிட்டர் நீரும் ஏறத்தாழ 585 கிலோகலோரியை உமிழ்கிறது. 585 லிட்டர் கரைசலை ஒரு டிகிரி ஏற்றிவிட அது போதும். மணிக்கு ஒரு லிட்டர் இப்படிப் படிகிறது என்றால், 680 வாட் ஹீட்டர் ஒன்றைக் கரைசலில் போட்டு வைத்ததற்குச் சமம். நன்றாகக் காற்றூட்டினால் 25 டிகிரித் தண்ணீரிலேயே வேர்களுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைத்துவிடுகிறது. எனவே சென்னையில் 24 அல்லது 25 டிகிரியை இலக்காக வைத்து, மிச்சப்படும் பணத்தை நல்ல ஏர் பம்ப்பில் செலவிடுவதே அறிவுடைமை.

ஒரே 300 லிட்டர், இரண்டு சில்லர்கள்

லிட்டர் கணக்கு எவ்வளவு தவறாகப் போகும் என்பதைக் காண, 300 லிட்டர் கரைசல் உள்ள இரண்டு அமைப்புகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, ஐந்து சென்டிமீட்டர் தடிமன் தெர்மாகோல் சுற்றி மூடியும் போட்டு, நிழலான இடத்தில் வைத்த தொட்டி. செடிகள் மூடியிலுள்ள துளைகளில் நிற்க, வேர்கள் நேரே தண்ணீரில் தொங்குகின்றன. தொட்டியின் மொத்தப் பரப்பு மூன்று சதுர மீட்டருக்கும் குறைவு. 13 டிகிரி இடைவெளியில் தெர்மாகோல் வழியாக நுழைவது 25 வாட்டை ஒட்டியிருக்கும். சுழற்சிப் பம்ப்பின் சூட்டையும் மூடித் துளைகள் வழியாக வருவதையும் சேர்த்தாலும் 100 வாட்டைத் தாண்டுவது அரிது. சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய கம்ப்ரஸர் சில்லரே இதற்கு அதிகம்.

இரண்டாவது, அதே 300 லிட்டர் தொட்டியிலிருந்து மாடியில் 200 அடி நீள என்.எஃப்.டி. குழாய்களுக்குக் கரைசலை அனுப்பும் அமைப்பு. என்.எஃப்.டி. என்பது, கரைசல் குழாயின் அடியில் மெல்லிய படலமாக ஓடி வேர்களை நனைக்கும் முறை. ஏறத்தாழ 300 செடிகள் பிடிக்கும். பத்து சென்டிமீட்டர் அகலக் குழாய் என்றால், கரைசல் படர்ந்து ஓடும் அடிப்பரப்பு மட்டும் ஆறு சதுர மீட்டர். 37 டிகிரிக் காற்றிலிருந்து அந்த அடிப்பரப்பு வழியாக 450 வாட்டைச் சுற்றியும், ஐம்பது சதவீத நிழல்வலைக்குக் கீழே வெள்ளைக் குழாயின் மேற்புறம் வாங்கும் வெயிலிலிருந்து 270 வாட்டைச் சுற்றியும் கரைசலுக்குள் வந்து சேரும். எதுவும் சுற்றாத பிளாஸ்டிக் தொட்டி தன் பங்குக்கு 200 வாட் சேர்க்கும். நீருக்குள் மூழ்கிய 50 வாட் பம்ப், தான் எடுக்கும் மின்சாரம் முழுவதையும் இறுதியில் வெப்பமாகக் கரைசலுக்கே கொடுக்கும். மொத்தம் ஏறத்தாழ 1,000 வாட். அட்டைப்பெட்டிப் பட்டியலுக்கு இரண்டு அமைப்புகளும் ஒன்றே. வெப்பக் கணக்கில் ஒன்று மற்றொன்றைப் போலப் பத்து மடங்கு.

இந்த எண்களை யாரும் அப்படியே தங்கள் மாடிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குழாயின் நிறம், நிழல்வலையின் அடர்த்தி, கைப்பிடிச் சுவரிலிருந்து வரும் அனல், காற்று வீசும் திசை என்று ஒவ்வொரு மாடியும் வேறுபடும். பணத்தைக் கொடுக்கும் முன் ஒருமுறை ஐஸ் கட்டியை வைத்து அளந்துவிடுவது எல்லா ஊகங்களையும் தீர்த்துவைக்கும். 300 லிட்டரை 31 டிகிரியிலிருந்து 24-க்குக் கொண்டுவர 2,100 கிலோகலோரியை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகி 24 டிகிரிக்கு வரும்போது ஏறத்தாழ 104 கிலோகலோரியை எடுத்துக்கொள்வதால், இருபது கிலோ போதும். பம்ப் ஓடும்போதும் வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கும் என்பதால் பத்துக் கிலோ கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். காசிமேட்டுப் பக்கம் மீனுக்காக விற்கும் ஐஸ் பார்களே போதும். உடைத்துத் தடித்த பாலித்தீன் பைகளில் கட்டிப் போட்டால் உருகும் நீர் கரைசலில் கலந்து அதன் சத்தளவைக் குறைக்காது. ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும் நீர்புகாத சென்சார் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரைத் தொட்டியின் நடு ஆழத்தில் தொங்கவிட வேண்டும்.

வெயில் உச்சத்தில் இருக்கும் ஒரு மணியளவில், குழாய்களுக்கும் கரைசல் ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே, மொத்தமும் 24 டிகிரிக்கு வந்ததும் ஐஸ் பைகளை வெளியே எடுத்துவிட்டு, முதல் இருபது நிமிடங்களில் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 0.9 டிகிரி ஏறினால் மணிக்கு 2.7 டிகிரி, அதை 300-ஆல் பெருக்கி 1.163-ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 940 வாட். அதுதான் உங்கள் மாடியின் உண்மையான சுமை. முதல் இருபது நிமிடங்களை மட்டும் எடுப்பதற்குக் காரணம் உண்டு: கரைசல் சூடாக ஆகக் காற்றோடு உள்ள இடைவெளி குறைந்து, ஏறும் வேகமும் தளரும், ஒரு மணி நேரம் காத்திருந்து அளந்தால் சுமை குறைவாகத் தெரியும். இதே சோதனையை மார்கழியில் செய்து சில்லர் வாங்கினால் மே மாதம் ஏமாற்றமே மிஞ்சும்.

மாடி என்.எஃப்.டி.க்கு மூன்று வழிகள்

1,000 வாட் சுமை உள்ள அந்த 200 அடி அமைப்புக்கு முடிவு எடுக்க வேண்டும் என்றால், எதிரே மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, எதையும் மாற்றாமல் பெரிய சில்லரை வாங்குவது. எந்திரத்தின் தகட்டில் எழுதியிருக்கும் திறன் பெரும்பாலும் மிதமான சூழலில் அளந்தது. வெப்பத்தை வெளியே விடும் பாகமான கண்டன்சரைச் சுற்றி 40 டிகிரிக் காற்று இருக்கும்போது அந்தத் திறன் இறங்கும். ஆகவே 1,000 வாட் சுமைக்கு 1,300 வாட் வரை எழுதியிருக்கும் எந்திரம் தேவை. வேலை உடனே முடிந்துவிடும் என்பது இதன் நன்மை. ஆனால் நாள் முழுவதற்கும் சராசரியாக 600 வாட் வெப்பத்தை வெளியேற்ற, இத்தகைய சிறிய எந்திரங்கள் சென்னை வெயிலில் தினம் ஆறு, ஏழு யூனிட் மின்சாரம் எடுக்கும். நம் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறும் விகிதத்தில் வருவது. அதில் ஏறத்தாழ 400 யூனிட் கூடினால், கூடிய யூனிட்டுகள் எல்லாம் மேல்படி விகிதத்திலேயே விழும். மாதக் கணக்கில் பார்க்கும்போது சில்லரின் விலையைவிட இதுதான் உறுத்தும்.

இரண்டாவது வழி, தொட்டியைப் பெரிதாக்குவது. 300 லிட்டருக்குப் பதிலாக நன்கு மூடிய 1,000 லிட்டர் தொட்டியும் 800 வாட் எந்திரமும் வைப்பதாகக் கொள்வோம். வெயிலில் அந்த எந்திரம் உண்மையில் 650 வாட் தரும் என்று எடுத்துக்கொண்டால், உச்ச வெயிலின் ஐந்து மணி நேரமும் 350 வாட் பற்றாக்குறை ஏற்படும். 300 லிட்டர் தொட்டியில் அந்தப் பற்றாக்குறை கரைசலை 28 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடும். 1,000 லிட்டரில் ஒன்றரை டிகிரிதான் ஏறும். காலையில் 24-இல் தொடங்கியது மாலையில் 25.5-இல் நிற்கும், இரவில் சுமை 300 வாட்டாகக் குறையும்போது எந்திரம் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆயிரம் லிட்டர் தொட்டியின் விலை, ஒரு படி பெரிய சில்லருக்காகக் கூடுதலாகத் தர வேண்டிய தொகையைவிடப் பொதுவாகக் குறைவு.

ஆனால் மாடியில் இதைச் செய்யும் முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன் எடை. மக்கள் நடமாடும் சாதாரண மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவிலான சுமைக்கே வடிவமைக்கிறார்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள தொட்டியின் கீழே அது ஆயிரத்தைத் தாண்டிவிடும். தூண்களும் பீம்களும் சந்திக்கும் இடத்தில், அல்லது சுமைதாங்கிச் சுவருக்கு நேர் மேலே வைக்கலாம்; தளத்தின் நடுவில் வைக்கவே கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்காமல் வைப்பது கீழ்வீட்டாருக்குச் செய்யும் தீங்கு.

மூன்றாவது வழி, வெப்பம் நுழைவதையே அடைப்பது. என் தேர்வு இதுதான். தொட்டியைத் தெர்மாகோலால் சுற்றி மூடினால் 170 வாட் குறையும். ஐம்பது சதவீத நிழல்வலையை உச்ச வெயில் மாதங்களில் மட்டும் எழுபத்தைந்து சதவீத வலையாக மாற்றினால் 140 வாட் குறையும். நம் ஊர் மே மாத வெளிச்சத்தில் லெட்யூஸுக்கு அதற்குப் பிறகும் ஒளி போதும். ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் விரிப்பை, ஒன்பது மில்லிமீட்டர் தடிமனில், குழாய்களின் அடிப்புறத்தில் இடைவெளி இல்லாமல் ஒட்டினால் 280 வாட் வரை குறையும். குழாய் வியர்ப்பதும் நின்றுவிடும். ஆயிரம் வாட் சுமை 400, 450 வாட்டாகச் சுருங்கி, 600 வாட் எந்திரமே போதும் என்ற நிலை வந்துவிடுகிறது. மின்சாரமும் பாதிக்குக் குறைவாகிறது. நைட்ரைல் விரிப்பும் தெர்மாகோலும் வெயில் நேரே பட்டால் சில மாதங்களில் பொடியத் தொடங்கும்; அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டியோ வெள்ளை பெயின்ட் அடித்தோ காக்க வேண்டும். விரிப்பின் இணைப்புகளில் இடைவெளி விட்டால் ஈரக்காற்று உள்ளே போய், விரிப்புக்கும் குழாய்க்கும் நடுவே நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே ஒட்டும் வேலையை அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

பாலிஹவுஸில் மிதவைக் குளம்

செங்குன்றத்துக்கும் திருவள்ளூருக்கும் நடுவே பாலிஹவுஸ் (பாலித்தீன் தாள் வேய்ந்த பசுமைக் குடில்) போட்டு, தெர்மாகோல் மிதவைகளில் கீரையும் லெட்யூஸும் வளர்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு. நாற்பது சதுர மீட்டர் பரப்பும் 25 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் 10,000 லிட்டர் நிற்கிறது. அட்டைப்பெட்டிப் பட்டியலைக் காட்டினால் பல ஹெச்.பி. எந்திரங்களை அடுக்கச் சொல்வார்கள். ஆனால் இரண்டரை சென்டிமீட்டர் தெர்மாகோல் மிதவையே அந்தக் குளத்துக்குக் கூரையாகிவிடுகிறது. உச்ச வெயிலில் மிதவை வழியாகவும் பக்கச் சுவர் வழியாகவும் பம்ப் மூலமாகவும் நுழைவது எல்லாம் சேர்ந்து 1,300 வாட் அளவில்தான் இருக்கும். மாடியிலுள்ள 300 லிட்டர் என்.எஃப்.டி.யை விடச் சற்றே கூடுதல். அந்த 1,300 வாட் இந்த 10,000 லிட்டரை மணிக்கு 0.11 டிகிரிதான் ஏற்றும். எனவே இங்கே உச்சச் சுமையைப் பார்க்க வேண்டியதில்லை. இருபத்துநான்கு மணி நேரச் சராசரியைப் பார்த்து, அது 800 வாட் என்றால் அதைத் தாண்டும் எந்திரத்தை வைத்தாலே குளம் நிலையாக நிற்கும். காற்று 28 டிகிரிக்கு இறங்கும் இரவில் எந்திரத்தை ஓட்டிப் பகலில் நிறுத்திவைக்கும் வசதியும் இருக்கிறது. குளிர்ந்த காற்றில் கம்ப்ரஸர் குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும்.

குளத்தில் கவனிக்க வேண்டியது, முதல்முறை குளிரூட்ட ஆகும் நேரம். 31 டிகிரியிலிருந்து 24-க்கு இறக்க 70,000 கிலோகலோரி, அதாவது 81 கிலோவாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 2,500 வாட் எந்திரத்தில், நுழையும் வெப்பத்தைக் கழித்தபின், இதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். நாற்று நடும் தேதிக்கு இரண்டு நாள் முன்பே சில்லரைப் போட்டுவிட்டால் அது ஒரு குறையே இல்லை. இந்த அளவில் ஒரே பெரிய எந்திரத்தைவிட 1,300 வாட் எந்திரங்கள் இரண்டை வைப்பதே நல்லது. ஒன்றை 24 டிகிரிக்கும் மற்றொன்றை 25 டிகிரிக்கும் வைத்தால், சாதாரண நாட்களில் ஒன்று மட்டும் ஓடும். கடும் வெயிலில் இரண்டும் சேரும். ஒன்று பழுதானால், மெக்கானிக் வரும்வரை மற்றொன்று பயிரைக் காக்கும். ஜெனரேட்டரில் ஓட்டும்போதும் இரண்டு சிறிய கம்ப்ரஸர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கலாம் என்பதால் தொடக்க மின்னோட்டம் தாங்கும்.

சில்லரே வேண்டாம் என்ற வழிகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தொட்டியை மண்ணில் புதைப்பது பகலின் உச்சத்தைக் குறைக்கும்; ஆனால் ஆழ்மண்ணின் வெப்பநிலை ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும், சென்னையில் அது 28, 29 டிகிரி. நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறைகள் கோவையின் வறண்ட நாட்களில் கைகொடுக்கும். நம் ஈரக்காற்றில் 27, 28 டிகிரிக்குக் கீழே அவை இறக்க மாட்டா. தினமும் ஐஸ் போடுவதென்றால் 300 லிட்டர் என்.எஃப்.டி.க்கு ஒரு பகலுக்கு நாற்பது கிலோவுக்கு மேல் வேண்டும். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகட்டில் இயங்கும் குளிரூட்டி சில லிட்டர் நாற்றுத் தொட்டிக்கு மேல் எதற்கும் ஆகாது. பழைய ஏ.சி.யைப் பிரித்து அதன் செம்புச் சுருளை நேரே கரைசலில் மூழ்கவைக்கும் யோசனையைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்: அமிலத்தன்மையும் உப்பும் உள்ள கரைசல் செம்பை அரிக்கும், கரைந்த செம்பு வேருக்கு நஞ்சாகும். டைட்டானியம் சுருள் உள்ள எந்திரமே ஊட்டக் கரைசலுக்கு ஏற்றது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் சில்லர்களிலும் இதைக் கேட்டு உறுதிசெய்த பிறகே வாங்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் லெட்யூஸ் போட்டு, கோடையில் பொன்னாங்கண்ணி, வல்லாரை, பசலை என்று சூடு தாங்கும் கீரைகளுக்கு மாறத் தயாராக இருப்பவருக்கு, நன்றாக மூடிய தொட்டியும் நிழல்வலையுமே போதும். அவர் சில்லரைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

"எதற்கும் ஒரு அளவு பெரியதாக இருக்கட்டும்" என்று சொல்பவர்களுக்கு ஒரு வரம்பு உண்டு. 50 லிட்டர் தொட்டியில் 1,300 வாட் எந்திரத்தை வைத்தால் மூன்று நிமிடத்துக்குள் ஒரு டிகிரி இறங்கி நின்றுவிடும். சிறிது நேரத்தில் மீண்டும் தொடங்கும். ஓடத் தொடங்கினால் பத்து நிமிடமாவது தொடர்ந்து ஓடினால்தான் கம்ப்ரஸர் எண்ணெய் சுற்றி வந்து சேரும். அடிக்கடி நின்று தொடங்கும் எந்திரம் விரைவில் தேயும். தொட்டி சிறியதாக இருக்கும்போதுதான் இந்தத் தொல்லை. 300 லிட்டருக்கு மேல் என்றால் தேவைக்கு மேல் கால் பங்கு வைத்துக்கொள்வதில் தீங்கில்லை. அளவு குறைந்த எந்திரமோ இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பயிருக்கு மிகவும் தேவைப்படும் பிற்பகலில்தான் அது தோற்கும்.

எந்திரத்தை வைக்கும் இடமும் அதன் அளவைப் போலவே முக்கியம். மூடிய அறைக்குள்ளோ பாலிஹவுஸின் உள்ளேயோ வைத்தால், தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பத்தை அது அதே இடத்தில் கொட்டி, அதையே மறுபடியும் உறிஞ்சும். வெளியே நிழலில், சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி, சூடான காற்று தடையின்றிப் போகும் திசையில் வைக்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று கண்டன்சர் தகடுகளை அரிப்பதால், நல்ல தண்ணீரால் அவ்வப்போது கழுவிவிடுவது திறனைக் காக்கும். குழாய்களுக்குப் போகும் வழியிலேயே சில்லரைச் சொருகாமல், தொட்டியிலிருந்து எடுத்துத் தொட்டிக்கே திருப்பும் தனிப் பம்ப் ஒன்றை வைத்தால், சில்லருக்குத் தேவையான ஓட்டமும் செடிகளுக்குத் தேவையான ஓட்டமும் ஒன்றையொன்று கெடுக்காது. ஸ்டெபிலைசரும், மின்சாரம் போய்வந்ததும் மூன்று நிமிடம் கழித்துத் தொடங்கும் டைமரும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் சில்லர் செலவிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டியவை.

எந்திரம் வந்து இறங்கிய பிறகு, உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் கையால் தொட்டுப் பார்த்து வித்தியாசமே இல்லை என்று கவலைப்படுபவர்கள் பலர். மணிக்கு 1,000 லிட்டர் ஓட்டத்தில் 800 வாட் எந்திரம் ஒரு சுற்றுக்கு 0.7 டிகிரிதான் இறக்கும்; கைக்கு அது தெரியாது. திறனைச் சரிபார்க்க இரவே ஏற்ற நேரம். குழாய்களுக்குப் போகும் பம்ப்பைச் செடிகள் இல்லாத நாளில் நிறுத்திவிட்டு, மூடிய தொட்டியில் சில்லரின் பம்ப் மட்டும் ஓட, ஒரு மணி நேரத்தில் எத்தனை டிகிரி இறங்குகிறது என்று பார்த்து, லிட்டராலும் 1.163-ஆலும் பெருக்குங்கள். 300 லிட்டரில் ஒரு மணி நேரத்துக்கு 2 டிகிரி இறங்கினால் கிடைப்பது 700 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. பம்ப்பின் சூட்டையும் தொட்டிக்குள் நுழையும் சிறிதளவு வெப்பத்தையும் அதோடு கூட்டிய பிறகும், தகட்டில் எழுதியிருப்பதற்கு மிகவும் கீழே நின்றால், மாற்றிக் கேட்கும் காலக்கெடு முடிவதற்குள் அந்த எண்களோடு கடைக்குப் போய்விட வேண்டும்.